கே.ஜி. என்ற இரண்டு எழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் இந்த ஆண்டு எல்.கே.ஜி. சேர்ந்திருக்கிறாள். அந்த கே.ஜி., 'கிண்டர்கார்டன்' என்ற ஜெர்மன் சொல்லாமே? அது எப்படிப் பிறந்தது? ஜெர்மானியர்களும் நம்மைப் போலவே சொற்களைச் சேர்த்து எழுதுவார்களா? மகள் இப்போதே நூறு வரை எழுதிவிடுகிறாள் என்பதையும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

'கிண்ட்' என்றால் குழந்தை. பிறப்பைக் குறிக்கும் பழைய வேர். வடமொழி 'ஜன'வும் அதே வேரிலிருந்து வந்ததுதான். 'கார்ட்டன்' தோட்டம், அடியில் இருப்பது வேலியடைத்த இடம் என்ற பொருள். சொற்களைச் சேர்ப்பது பல மொழிகளில் உண்டு, அதை விடுங்கள்.

உங்கள் கடைசி வரிதான் என்னை உறுத்துகிறது. மூன்றரை வயதுக் குழந்தை நூறு வரை எழுதுவதில் என்ன பெருமை? எங்கள் உறவில் ஒரு சிறுமி, பென்சிலை அழுத்திப் பிடித்து நடுவிரலில் காய்ப்பே வந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே அந்த விரல்தான் என் நினைவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சொல்லைப் படைத்தவர் ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபெல். பிறந்து ஒரு வருடம் ஆகும் முன்பே தாயை இழந்தவர். வனக்காவலரிடம் தொழில் பழகியவர், பெர்லினில் படிகக் கற்களை ஆராய்ந்தவர். 1837-இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் சிறு பிள்ளைகளுக்காக ஓர் இடம் தொடங்கினார். பெயர் மட்டும் சரியாக அமையவில்லை. 1840-இல் நண்பர்களோடு மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தபோது 'கிண்டர்கார்டன்!' என்று கூவினார் என்று உடன் சென்றவர் எழுதியிருக்கிறார்.

இதை அழகான உவமை என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். அவர் நிஜத் தோட்டத்தையே சொன்னார். ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சின்னப் பாத்தி. விதைப்பது, நீர் ஊற்றுவது, களை பிடுங்குவது எல்லாம் அதன் பொறுப்பு. சுற்றிலும் எல்லோருக்கும் பொதுவான பாத்திகள். உள்ளே விளையாட நூல் கட்டிய கம்பளிப் பந்துகள், மரக்கட்டைகள். தன் பாத்தியில் முளைக்காமல் போனால் ஏன் என்று குழந்தையே மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும். அதுதான் பாடம். மண்ணே இல்லாத கட்டடத்தில் அந்தப் பெயரை எழுதி வைப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

1851-இல், அன்றைய ஜெர்மன் நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. நாத்திகம் பரப்புகிறார்களாம்! அண்ணன் மகன் எழுதியதை இவர் தலையில் கட்டிவிட்டார்கள். மறு வருடமே ஃப்ரோபெல் இறந்துபோனார். தடை 1860-இல்தான் நீங்கியது.

மகளை நான் குறை சொல்லவில்லை அம்மா, அவள் கெட்டிக்காரி. நோட்டை மூடி வையுங்கள். ஒரு தொட்டியில் மண் நிரப்பி வெந்தயம் போடச் சொல்லுங்கள், சில நாளில் முளைத்துவிடும். அதிகமாகத் தண்ணீர் ஊற்றி அழுகவிட்டாலும் நீங்கள் குறுக்கே போகாதீர்கள்.