மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள்: வடசென்னையில் வீடு வாங்குவோர் கேள்விகள்

ஐப்பசி, கார்த்திகையில் வீடு பார்க்க யாரும் வருவதில்லை. தை பிறந்ததும் தரகர்கள் போன் அடிக்கத் தொடங்குவார்கள். தெரு காய்ந்திருக்கும், சுவருக்குப் புது பெயின்ட் அடித்திருப்பார்கள். வீடுகளை மதிப்பீடு செய்யும் சிவில் இன்ஜினியர் என்பதால், அப்புறம்தான் எனக்கும் கேள்விகள் வரும். இந்த முறை வந்தவற்றில் சில.

கொளத்தூரில் தனி வீடு பார்த்திருக்கிறோம் சார். 2021-இல் தண்ணீர் நின்றது உண்மைதான், புது வடிகால் போட்ட பிறகு நிற்பதில்லை என்கிறார் வீட்டுக்காரர். நம்பலாமா?

பாதி நம்பலாம். 2021 நவம்பர் மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் வடிகால் வேலை நடந்தது உண்மை. ஆனால் வடிகால் ஒரு வழிதான். அதில் ஓடும் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் இடம் இருக்க வேண்டுமே! ஓட்டேரி நல்லா என்ற ஓடை, கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய் எல்லாம் பக்கிங்காம் கால்வாயைத்தான் நம்பி இருக்கின்றன. அது முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் கால்வாய் வடியாது. அப்போது புது வடிகாலும் நிரம்பி நிற்கும், சில தெருக்களில் எதிர்த்துக்கூட வரும்.

அதனால் வீட்டுக்காரரிடம் “தண்ணீர் வருமா?” என்று கேட்காதீர்கள். “கடைசியாக வந்தபோது வடிய எத்தனை நாள் ஆனது?” என்று கேளுங்கள். இரண்டடி நின்று ஆறு மணி நேரத்தில் வடிந்த தெருவில் குடியிருக்கலாம். ஓரடிதான் என்றாலும் நான்கு நாள் நின்ற தெரு வேண்டாம். கரன்ட் இருக்காது, சம்பில் சாக்கடை கலந்திருக்கும், கழிவறையில் தண்ணீர் இறங்காது. குடும்பத்தை ஓட வைப்பது இதுதான்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை, அவர் வீட்டு விலையும் அதோடு இறங்கும் அல்லவா! முனையில் இஸ்திரி போடுபவரையும் பால் பாக்கெட் போடும் பையனையும் கேளுங்கள். படகு எந்தத் தெருவரை வந்தது என்பதுவரை சொல்வார்கள்.

வீட்டுக்குள் பார்க்கவும் விஷயம் இருக்கிறது. வியாசர்பாடியில் ஒரு வீட்டுக்கு மதிப்பீட்டுக்குப் போயிருந்தேன். ஹால் சுவரில் மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். சமையலறையில் சரி, ஹாலில் எதற்கு? “குழந்தைகள் கிறுக்குகிறார்கள் சார்” என்றார் உரிமையாளர். படுக்கையறை மர அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து அடிப்பலகையை நகத்தால் அழுத்தினேன். நனைந்த பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. வெளியே வந்தால், மீட்டர் பெட்டியைச் சமீபத்தில்தான் உயர்த்தியிருக்கிறார்கள். பழைய ஆணி ஓட்டைகள் இடுப்பு உயரத்தில், பெட்டி தலைக்கு மேலே. அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை.

கதவு நிலையின் அடிப்பகுதி, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இருட்டு மூலை, சுவரில் பூத்திருக்கும் உப்பு, வாசலில் தண்ணீரைத் தடுக்கக் கட்டிய குட்டைச் சுவர், செங்கல் மேல் ஏறி நிற்கும் ஃப்ரிட்ஜ், இதையெல்லாம் பாருங்கள். உப்பு மட்டும் இருந்தால் வெள்ளம்தான் என்று முடிவு கட்ட வேண்டாம், குழாய்க் கசிவாகவும் இருக்கலாம். மூன்று அறையிலும் ஒரே உயரத்தில் கோடு போட்ட மாதிரி இருந்தால் யோசியுங்கள்.

மணலி புதுநகரில் கைக்கு எட்டிய விலையில் வீடு கிடைக்கிறது. மாதவரத்தில் இதே பணத்துக்குப் பாதி வீடுகூட வராது. வாங்கலாமா?

அங்கே வருவது வேறு மாதிரி வெள்ளம். உங்கள் தலைக்கு மேல் மழையே இல்லாத நாளில், வெயில் அடிக்கும்போதும் தண்ணீர் வரலாம். கொசஸ்தலை ஆறு ஆந்திர மலைப்பக்கத்திலிருந்தும் தண்ணீர் கொண்டுவருகிறது. அந்த ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அது நிரம்பினால் உபரி நீரைத் திறக்கத்தான் வேண்டும். அது மணலி புதுநகர், இடையஞ்சாவடி, சடையங்குப்பம் பக்கமாக எண்ணூருக்குப் போகிறது. புழல் ஏரியின் உபரி நீரும் வடகரை, வடபெரும்பாக்கம் வழியாகச் சடையங்குப்பம் பக்கம்தான் வந்து சேரும். இரண்டு ஏரித் தண்ணீரும் ஒரே வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் எண்ணூர் முகத்துவாரம் மண்ணும் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்து தூர்ந்திருந்தால் என்ன ஆகும்? 2015-லும் 2021-லும் அங்கே இருந்தவர்களைக் கேட்டால் தெரியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர், எர்ணாவூர் பக்கத்து வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. சேற்றைக் கழுவிவிடலாம், எண்ணெய் அவ்வளவு சுலபமாகப் போகாது.

கொசஸ்தலை வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் மாநகராட்சி வடிகால் கட்டிவருகிறது. தெருவில் பெய்யும் மழைக்கு அது உதவும். ஆறே பொங்கி வரும்போது அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

என் கருத்து: வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் அங்கே கீழ்த்தளம் மட்டும் உள்ள வீடு வேண்டாம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மாடி கட்ட அஸ்திவாரம் தாங்குமா என்று முதலில் பாருங்கள். அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தபின் விலை மலிவா என்று சொல்லுங்கள்.

பட்டா, வில்லங்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, வங்கியும் கடன் தரத் தயார். அப்புறம் என்ன பயம்?

வங்கியின் வக்கீல் பார்ப்பது சொத்து யாருடையது என்பதை. தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. தமிழக அரசின் இணையச் சேவைத் தளத்தில் நிலம் என்ன வகை என்று சொல்லும் ‘அ’ பதிவேடும், நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்பட வரைபடமும் கிடைக்கும். உங்கள் புல எண்ணை (சர்வே நம்பர்) மட்டும் பார்க்காமல் சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். ஏரி, தாங்கல், குட்டை, வாய்க்கால், ஓடை புறம்போக்கு என்று பக்கத்தில் இருந்தால் நேரில் போய் அந்த வாய்க்கால் இன்னும் இருக்கிறதா என்று தேடுங்கள். வரைபடத்தில் வாய்க்கால், நேரில் தார் ரோடு என்றால் மழைத் தண்ணீர் பழைய வழியைத் தேடி வரும். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மனை புதிது என்றால் நீர்வளத்துறையின் வெள்ளப் பாதிப்புத் தடையின்மைச் சான்று வாங்கினார்களா, அதில் எவ்வளவு உயரம் மண் கொட்டச் சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள்.

பெரம்பூரில் இரண்டாவது மாடி ஃபிளாட். எங்களுக்கு வெள்ளத்தால் என்ன?

வீடு நனையாது. லிஃப்ட் குழி, பம்ப் மோட்டார், சம்ப், மீட்டர் போர்டு, உங்கள் பைக் எல்லாம் கீழேதானே இருக்கின்றன? ரிப்பேர் செலவில் உங்கள் பங்கும் உண்டு. மீட்டர் அறையும் மோட்டாரும் உயரத்தில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

தண்டையார்பேட்டையில் மாமனார் காலத்து வீடு. ரோடு போட்டுப் போட்டு இப்போது இரண்டு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போகிறோம். ஜாக்கி வைத்துத் தூக்கலாம் என்கிறார்கள். பாதுகாப்பானதா சார்?

தனிச் சுவரில் நிற்கும் வீடாக இருந்தால் செய்யலாம் அம்மா. பழைய தண்டையார்பேட்டைத் தெருக்களில் பல வீடுகளுக்குப் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் இருக்கும். அப்படியானால் தொடாதீர்கள். தூக்குபவரைக் கூப்பிடும் முன், அவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் காட்டிப் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-இலேயே அரசு உத்தரவு உண்டு. அடுத்த முறை மெஷின் வரும்போது வாசலில் நின்று அதைச் சொல்லுங்கள். இப்போதைக்குக் கழிவுநீர்க் குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுவிட்டால், கழிவறை வழியாகச் சாக்கடை எதிர்த்து வருவதாவது நிற்கும்.

இன்ஷூரன்ஸ் எடுத்தால் போதாதா?

எடுங்கள். ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் வெள்ளமும் புயலும் அடங்கும், கட்டடத்தோடு வீட்டுச் சாமான்களுக்கும் சேர்த்து எடுக்கலாம். ஆனால் நான்கு நாள் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்ததற்கு எந்த பாலிசியும் காசு தராது.

வாங்கும் முன் அதே தெருவில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்க்கலாம் என்கிறாள் மனைவி. பைத்தியக்காரத்தனமா?

இந்த முறை வந்த கடிதங்களில் உருப்படியான யோசனை இதுதான். புரட்டாசிக்குள் குடி போய்விடுங்கள். மாடி போர்ஷன் காலியாக இருந்தாலும் கீழ்ப் போர்ஷனையே கேளுங்கள், ஃப்ரிட்ஜை மட்டும் மேலே வைத்துவிடுங்கள்.