பாம்பனா, ராமநாதபுரமா?

கேள்வி: கணவருக்கு ராமநாதபுரத்தில் வேலை. பாம்பனில் சொந்த வீடு, மாமியார் உடன் இருக்கிறார். தினமும் பஸ்ஸில் போய்வந்து அவர் சோர்ந்துபோகிறார். இரண்டு பிள்ளைகளோடு அங்கேயே வாடகைக்குப் போய்விடலாமா?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: அவசரப்படாதீர்கள், அம்மா. ஒரு வழிக்கே 40 கிலோமீட்டருக்கு மேல். அலுப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் 2025 ஏப்ரலில் பாம்பனில் கடல்மேல் புதிய ரயில் பாலம் திறந்து ரயில் மறுபடி ஓடுகிறதே! நேரம் ஒத்துவந்தால் சீசன் டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். பஸ் செலவில் பெரும்பகுதி மிஞ்சும். ஆனால் காற்று பலமாக வீசினால் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பஸ்ஸையும் நம்பியிருக்க வேண்டும்.

ராமநாதபுரத்தில் வாடகை வீடு பார்க்கப் போனால், முதலில் குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாருங்கள். அங்கே பல தெருக்களில் நிலத்தடி நீர் உப்பு. குடிதண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்கும் செலவையும் வாடகையோடு கூட்டுங்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பிள்ளைகள் தூங்குமுன் அப்பா வீடு சேர்கிறாரா? இல்லையென்றால் ராமநாதபுரம் போகும் வழியில் இருக்கிற உச்சிப்புளியில் வீடு பாருங்கள். ரயிலும் பஸ்ஸும் உண்டு, அவருக்குப் பாதித் தூரத்துக்கு மேல் குறையும். மாமியாரைத் தனியே விடாதீர்கள். அவரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.