ஃப்ளாரன்ஸில் ஒரே ஓர் இரவு: ஊர் நடுவில் கட்டுபடியாகிற அறை கிடைக்குமா?

கேள்வி: மே மாதம் ரோமிலிருந்து வெனிஸ் போகிற வழியில் ஃப்ளாரன்ஸில் ஓர் இரவு தங்குகிறோம். நான், மனைவி, 67 வயது அம்மா. ஊர் நடுவில் கட்டுபடியாகிற ஓட்டல் கிடைக்குமா? இல்லை, புறநகரில் தங்குவதுதான் லாபமா?

கிடைக்கும். ஊர் நடுவிலேயே தங்குங்கள்.

நான் ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் தொழிலில் இத்தாலி என்றால் இரண்டு இடங்கள். ஒன்று மிலான் கண்காட்சி. இன்னொன்று ஃப்ளாரன்ஸுக்கும் பீசாவுக்கும் நடுவில் இருக்கிற சாந்தா குரோசே. நம் ஆம்பூர், வாணியம்பாடி மாதிரியே ஊர் முழுக்கத் தோல் பதனிடும் தொழில். அங்கே வேலை முடிந்தால் ராத்திரி ஃப்ளாரன்ஸில் படுத்துவிட்டு மறுநாள் கிளம்புவேன். அப்படி ஒற்றை இரவுகளாகவே பல தடவை அந்த ஊரில் தங்கியிருக்கிறேன். ஒரு நவம்பரில் என் அம்மாவையும் அழைத்துப் போனேன். அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

முதலில் புறநகர்க் கணக்கைப் பார்த்துவிடுவோம். தள்ளிப்போனால் அறைக்கு முப்பது, நாற்பது யூரோ குறையும், உண்மைதான். ஆனால் மூன்று பேர் போய்வர டிக்கெட், ராத்திரி நேரமானால் டாக்ஸி என்று அதில் பாதி அங்கேயே போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம் நேரம். ரோமிலிருந்து வேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுவீர்கள். மதியம் வந்து மறுநாள் காலை கிளம்பினால், கையில் இருப்பது ஒரு மாலையும் ஒரு விடியற்காலையும்தான். பகல் கூட்டம் வடிந்து கதீட்ரல் சதுக்கம் கொஞ்சம் மூச்சுவிடுகிற நேரமும் அதுதான். புறநகரில் தங்கினால் சரியாக அந்த இரண்டு நேரத்திலும் நீங்கள் பஸ்ஸில் இருப்பீர்கள்.

அம்மாவோடு போனபோது எனக்கு இன்னொன்றும் புரிந்தது. வயதானவர்களுக்கு மதியம் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க வேண்டும். அறை பத்து நிமிட நடையில் இருந்தால் திரும்பிவந்து படுத்துவிட்டு, ஐந்து மணிக்கு மறுபடி கிளம்பலாம். அறை தூரத்தில் இருந்தால் அன்று முழுக்க அவர்கள் சர்ச் படிக்கட்டுகளில்தான் உட்கார வேண்டியிருக்கும். என் அம்மா மதியம் தூங்கி எழுந்ததால்தான் சாயங்காலம் போன்தே வெக்கியோ பாலம் வரை நடந்து வந்தார்கள். அந்தப் பாலத்து நகைக் கடைகளை ஒன்று விடாமல் பார்த்தார்கள்.

ஃப்ளாரன்ஸில் நமக்குச் சாதகமான விஷயம், ரயில் நிலையமே ஊர் நடுவில் இருப்பது. சாந்தா மரியா நொவெல்லா என்று பெயர். வெளியே வந்து வியா பன்சானி, வியா செர்ரெத்தானி என்று நேராக நடந்தால் பத்து நிமிடத்தில் அந்தப் பெரிய கும்மட்டம் முன்னால் நிற்பீர்கள். ஊரின் பெயர் பலகைகளில் ஃபிரென்ஸே என்றுதான் இருக்கும். டிக்கெட் எடுக்கும்போது அதன் பின்னால் எஸ்.எம்.என். என்று இருக்கிறதா பாருங்கள். காம்போ தி மார்த்தே, ரிஃப்ரேதி என்று இதே ஊருக்கு வேறு நிலையங்களும் உண்டு. சில ரயில்கள் அங்கே மட்டும் நிற்கும். மூட்டை முடிச்சோடு அங்கே இறங்கிவிட்டால் மறுபடி ஒரு வண்டி பிடிக்க வேண்டியதுதான்.

அறை தேட வேண்டிய இடம், நிலையத்துக்கும் சான் லொரென்ஸோ சந்தைக்கும் நடுவில் இருக்கிற தெருக்கள்: வியா ஃபாயென்ஸா, வியா ஃபியூமே, வியா நாட்சியோனாலே. பழைய மாளிகைக் கட்டடங்களின் ஒவ்வொரு மாடியிலும் ஒரு சின்ன ஓட்டல் இருக்கும். ஒரே வாசலில் மூன்று நான்கு பெயர்ப் பலகை, பக்கத்தில் வரிசையாக அழைப்பு மணிகள். பெரும்பாலும் இரண்டு நட்சத்திரம். இத்தாலியில் நட்சத்திரம் கொடுப்பது என்னென்ன வசதி இருக்கிறது என்பதை வைத்து. எவ்வளவு சுத்தம் என்பது அதில் தெரியாது. குடும்பமே நடத்துகிற இரண்டு நட்சத்திர ஓட்டலில் வெள்ளை வெளேர் விரிப்பில் படுத்திருக்கிறேன். நான்கு நட்சத்திரத்தில் ஈர வாசனை அடித்த அறையும் பார்த்திருக்கிறேன். அண்மையில் தங்கியவர்கள் எழுதியதில் சுத்தம், சத்தம், லிஃப்ட் இந்த மூன்றையும் தேடிப் படியுங்கள். மற்றதை விட்டுவிடலாம்.

அம்மா வருவதால் லிஃப்ட் முக்கியம். அந்தக் கட்டடங்களில் ஒவ்வொரு தளமும் நம் வீட்டைப்போல ஒன்றரை மடங்கு உயரம். இரண்டாவது மாடி என்று போட்டிருப்பார்கள், ஏறினால் எழுபது எண்பது படி வரும். லிஃப்ட் இருந்தாலும் பழைய கூண்டு லிஃப்டாக இருக்கலாம், இரண்டு பேர் நின்றால் பெட்டிக்கு இடம் இருக்காது. பெட்டியை மட்டும் முதலில் அனுப்பிவிட்டு அப்புறம் ஆள் ஏற வேண்டும். ‘லிஃப்ட் தெருவிலிருந்தே இருக்கிறதா, முதல் சில படிகளுக்குப் பிறகுதான் தொடங்குகிறதா’ என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். நேர்மையாகப் பதில் சொல்வார்கள்.

முகவரி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் தடவை ராத்திரி பத்தரைக்கு இறங்கி, எழுதி வைத்திருந்த எண்ணைத் தேடிப் போனேன். அந்த எண்ணில் மூடிக்கிடந்த ஒரு பை கடைதான் இருந்தது. தெருவில் இரண்டு தடவை மேலும் கீழும் நடந்தேன், கல் பாவிய தரையில் பெட்டிச் சக்கரம் கடகடவென்று தெருவையே எழுப்பியது. கடைசியில் குப்பை எடுக்க வந்தவர் சுவரைக் காட்டினார். கடைக்கு மேலே இருந்த எண் சிவப்பு. ஃப்ளாரன்ஸில் கடை, உணவகங்களுக்குச் சிவப்பு எண், வீடுகளுக்கு நீலம் அல்லது கறுப்பு. இரண்டும் தனித்தனி வரிசை. ஒரே தெருவில் சிவப்பு 20 ஓரிடத்திலும் நீலம் 20 வெகு தூரத்தில் இன்னோரிடத்திலும் இருக்கும். முகவரியில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஆர்’ எழுத்து இருந்தால் சிவப்பு என்று அர்த்தம். இல்லாவிட்டால் நீலத்தையோ கறுப்பையோ தேடுங்கள்.

அன்றைக்கே இன்னொரு பாடமும் கிடைத்தது. வாசலைக் கண்டுபிடித்தபோது வரவேற்பு மேசையில் யாரும் இல்லை. சின்ன ஓட்டல்களில் ராத்திரி எட்டு, ஒன்பதோடு ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். போன் செய்து, அரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் சாவி கிடைத்தது. அதிலிருந்து முந்தின நாளே ‘இந்த ரயில், இத்தனை மணிக்கு வருகிறேன்’ என்று செய்தி அனுப்பிவிடுவேன். ரயில் தாமதமானால் ரயிலிலிருந்தே இன்னொரு செய்தி. நீங்கள் மதியமே வருவதால் இந்தச் சிக்கல் உங்களுக்கு வராது, ஆனாலும் நேரத்தைச் சொல்லி வையுங்கள். அறை இரண்டு மணிக்குத்தான் தருவார்கள் என்றாலும் பெட்டியை முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மறுநாள் அறையைக் காலி செய்த பிறகும் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். ஒற்றை இரவுக்காரர்களுக்கு இது பெரிய உதவி.

விலைக்கு வருவோம். நவம்பரில் நானும் அம்மாவும் தங்கிய அறை 74 யூரோ. மே மாதம் அந்த விலையை மறந்துவிடுங்கள், ஏப்ரல் முதல் ஜூன் வரை அந்த ஊருக்கு உச்ச சீசன். நான் பார்த்தவரை மூன்று பேர் அறைக்கு 130 முதல் 180 யூரோ வரை கேட்கிறார்கள். இரண்டு அறையாக எடுப்பதைவிட ‘திரிப்ளா’ என்கிற மூன்று கட்டில் அறை மலிவு. ‘மத்ரிமோனியாலே’ என்று போட்டிருந்தால் ஒரே இரட்டைக் கட்டில். அம்மாவுக்குத் தனிக் கட்டில் வேண்டும் என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் மடக்குக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். வெள்ளி, சனியைத் தவிர்த்து வாரநாளாக மாற்ற முடிந்தால் நன்றாகவே குறையும்.

காட்டுகிற விலையோடு ஊர் வரி தனி. ஆளுக்கு, ஓர் இரவுக்கு என்று கணக்கு, ஓட்டலின் நட்சத்திரத்தைப் பொறுத்து ஏறும். ரோமில் மூன்று நட்சத்திர ஓட்டலில் ஆளுக்கு 6 யூரோ, மூன்று பேருக்கு 18. பல இடங்களில் இதைத் தனியாக ரொக்கமாகக் கேட்பார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்று இல்லை, சட்டப்படி வாங்குவதுதான். மூன்று பேருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். தங்குகிறவர்களின் விவரத்தைப் போலீஸுக்குத் தெரிவிப்பது அவர்களுக்குச் சட்டக் கடமை. பதிந்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

விசா விண்ணப்பத்துக்கு ஓட்டல் பதிவு காட்ட வேண்டியிருப்பதால், இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாக இப்போதே போட்டுவிடுங்கள். மே மாதத்துக்குத் தாமதிக்காதீர்கள். செயலியில் ஓட்டலைக் கண்டுபிடித்த பிறகு, அதே ஓட்டலின் சொந்தத் தளத்தையும் பாருங்கள், ஒரு மின்னஞ்சலும் போட்டுப் பாருங்கள். எனக்கு இரண்டு தடவை நேரடியாகக் கேட்டதில் காலை உணவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பதிவு செய்த பிறகு ‘உங்கள் கார்டு சரிபார்க்க வேண்டும், இந்த இணைப்பை அழுத்துங்கள்’ என்று செய்தி வந்தால் அழுத்தாதீர்கள். ஓட்டலுக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். அந்த மாதிரி மோசடி இப்போது அதிகம்.

ஓட்டல் விலை கைக்கு எட்டவில்லை என்றால் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற விடுதிகளைப் பாருங்கள். ‘காசா பெர் ஃபேரியே’ என்று தேடினால் வரும், ரோமிலும் ஃப்ளாரன்ஸிலும் ஊர் நடுவிலேயே இருக்கின்றன. எந்த மதத்தவரும் தங்கலாம். ரோமில் சாந்தா மரியா மஜ்ஜோரே பக்கம் ஒன்றில் அம்மாவோடு இருந்தேன். சின்ன அறை, கட்டிலுக்கு மேலே ஒரு சிலுவை, துவைத்து மடித்த துண்டு, நிசப்தம். பித்தளைப் பிடி போட்ட கனமான சாவியை வெளியே போகும்போது கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள். என் அம்மாவுக்கு இத்தாலியிலேயே பிடித்த இடம் அதுதான். பேச மொழி இல்லாமலே அந்த வயதான சிஸ்டரும் அவர்களும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வெனிஸுக்கும் இதே கேள்வி உங்களுக்கு வரும். எல்லோரும் தீவுக்கு வெளியே கரையில் இருக்கிற மெஸ்த்ரேயில் தங்கச் சொல்வார்கள், ரயிலில் பத்து நிமிடம்தான். இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்களுக்கு அது சரி. ஓர் இரவுதான் என்றால் தீவுக்குள்ளேயே தங்குங்கள். சாந்தா லூச்சியா நிலையத்திலிருந்து இடப்பக்கம் போகிற லிஸ்தா தி ஸ்பாஞ்ஞா தெருவில் உள்ள ஓட்டல்களுக்குப் போக ஒரு பாலம்கூட ஏற வேண்டாம். முதல் பாலம் அந்தத் தெரு முடிந்த பிறகுதான் வரும். வெனிஸில் ஒவ்வொரு பாலமும் படிக்கட்டு, அம்மாவின் முட்டிக்கும் உங்கள் பெட்டிக்கும் அது தெரியும். இல்லாவிட்டால் நீர்ப் பேருந்தில் ஆளுக்கு 9.50 யூரோ கொடுத்துப் போக வேண்டும்.

மிலானுக்கு மட்டும் என் யோசனை வேறு. கண்காட்சி நாட்களில் அங்கே சாதாரண அறையே மூன்று மடங்கு விலை கேட்கும். எங்கள் தோல் கண்காட்சி நாட்களில் நாங்கள் பக்கத்து ஊரான நொவாராவில் தங்கிவிடுவோம். அங்கிருந்து கண்காட்சி வளாகம் இருக்கிற ரோ ஃபியேராவுக்கு நேர் ரயில் இருக்கிறது. நொவாராவும் நல்ல ஊர், 121 மீட்டர் உயரத்தில் ஒரு தேவாலயக் கும்மட்டம் உண்டு. வேலைக்காகப் போகிறவர்கள் தள்ளித் தங்கலாம், ஊர் பார்க்கப் போகிறவர்கள் கூடாது என்பது என் எண்ணம்.

சின்ன விஷயம் ஒன்று. இந்த ஓட்டல்களில் பெரும்பாலும் அறையில் கெட்டில் இருக்காது. அம்மாவுக்கு வெந்நீர் வேண்டுமென்றால் தெருமுனை காபிக் கடையில் ஃபிளாஸ்கை நீட்டி ‘அக்வா கால்தா’ என்று கேளுங்கள். எனக்கு ஒருவர்கூட இல்லை என்று சொன்னதில்லை, பலர் காசும் வாங்கவில்லை. காலைச் சாப்பாடும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் கூடுதல்.

சான் லொரென்ஸோ பக்கம் அறை எடுத்தால், தெருவைப் பார்த்த ஜன்னல் வேண்டாம், உள் முற்றம் பார்த்தது வேண்டும் என்று கேளுங்கள். விடிவதற்குள்ளேயே சந்தைக்காரர்கள் பெரிய பெரிய கடை வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், அந்தச் சத்தம் மாடி வரை கேட்கும். எழுந்துவிட்டால் அப்படியே கீழே இறங்கிக் கதீட்ரல் பக்கம் போய்விடுங்கள். ஆறரை மணிக்கு அந்தச் சதுக்கத்தில் குப்பை வண்டியும் இரண்டு மூன்று பேரும்தான் இருப்பார்கள். வெள்ளையும் பச்சையும் இளஞ்சிவப்புமாக அந்தச் சுவர் முழுக்க அப்போதுதான் கண்ணில் நிற்கும்.

தேதியையும் வெனிஸ் ரயில் நேரத்தையும் கருத்தில் எழுதுங்கள். லிஃப்ட் இருக்கிற இரண்டு மூன்று இடம் எனக்குத் தெரியும், அன்றைக்கு அறை காலியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.