நீங்கள் அழுததால்தான் குழந்தை அழுகிறதா?

சகோதரி, கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் அப்பாவை இழந்து நாள்கணக்கில் அழுதிருக்கிறீர்கள். இப்போது ஐந்து வாரக் குழந்தை சாயங்காலமானால் வீறிட்டு அழ, "நீ அன்னைக்கு அழுததுதான் காரணம்" என்கிறார்களாம் வீட்டில். உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. அந்தப் பழியைச் சுமக்காதீர்கள்.

தொடர்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். கவலையில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடும். ஆனால் அது குழந்தையை எட்டுமுன், நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி அதில் பெரும்பகுதியை வீரியமில்லாத கார்டிசோனாக மாற்றிவிடும். மாதக்கணக்கில் நீடிக்கும் கடும் மனச்சோர்வு இருந்தால் குறைப்பிரசவம், எடைக்குறைவு, அதிகச் சிணுங்கல் ஆகியவற்றுக்கான வாய்ப்பு ஓரளவு கூடுகிறது. வாய்ப்புதான், விதி அல்ல. அப்பாவுக்காக அழுதது நோயும் அல்ல.

ஐந்து வாரம் என்பதைக் கவனியுங்கள். பச்சிளங்குழந்தைகளின் அழுகை ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும். கர்ப்பகாலம் முழுக்கச் சந்தோஷமாக இருந்த என் தங்கையின் பிள்ளையும் இதே வயதில் முஷ்டியை இறுக்கி, முகம் சிவக்க, இரண்டு மணி நேரம் கத்துவான். தோளில் சாய்த்து மெல்லப் பேசுங்கள். வயிற்றிலேயே கேட்டுப் பழகிய குரல் உங்களுடையது. பிறந்த சில நாட்களிலேயே குழந்தை அதை அடையாளம் காணும்.

காய்ச்சல் வந்தாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். உங்களுக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, வெறுமை இருந்தால் அவரிடமே சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று பத்தே கேள்விகள் உண்டு, கேட்டுப் பார்ப்பார்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.