நாத்திகர் எழுதிய கதை என்றாலே மதத்தின் மீதான தாக்குதலா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. எழுதியவர் சாமி கும்பிடுகிறாரா என்று பார்ப்பதை விட, கதைக்குள் நம்பிக்கையாளரை எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. 1947-இல் வெளியான அவரது ‘கொள்ளை நோய்’ நாவலில் பனலூ என்றொரு பாதிரியார் வருகிறார். ஓரான் நகரத்தில் பிளேக் பரவியதும், இது உங்களுக்கு வேண்டியதுதான் என்கிற தொனியில் பிரசங்கம் செய்கிறார். சரி, காம்யு இவரைக் கோமாளியாக்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் நோயாளிகளுக்கு உதவும் தொண்டர்களோடு சேர்கிறார். நீதிபதியின் சின்ன மகன் துடிதுடித்துச் சாவதைப் பக்கத்திலிருந்தே பார்க்கிறார். அடுத்த பிரசங்கத்தில் ‘நீங்கள்’ போய் ‘நாம்’ வந்துவிடுகிறது. அப்புறம் அவரும் படுக்கையில் விழுகிறார். முதலில் மருத்துவரை அழைக்க விடவில்லை; கடைசியில் கையில் சிலுவையோடு இறக்கிறார். அவர் இறந்தது பிளேக்கினாலா என்பதுகூடச் சந்தேகம் என்றே பதிவாகிறது. காம்யு தீர்ப்பு சொல்லவில்லை. பக்தி இலக்கியத்தில்கூட இவ்வளவு மரியாதையோடு ஒரு பாதிரியாரை நான் பார்த்ததில்லை.

தாக்குவதற்கென்றே எழுதப்பட்டவையும் உண்டு, மறுக்கவில்லை. கருணாநிதி வசனம் எழுதிய ‘பராசக்தி’ (1952) கோபமாகத்தான் பேசுகிறது. ஆனால் அங்கேயும் நாயகன் குணசேகரன் அடிக்கப் போவது, கோயிலில் தன் தங்கையிடம் தவறாக நடக்க முயன்ற பூசாரியை. கோயில் கூடாது என்பதற்காக அல்ல, அது கொடியவர்களின் கூடாரமாகக் கூடாது என்பதற்காக என்று நீதிமன்றத்தில் அவனே சொல்கிறான். அம்மன் சிலைக்குப் பின்னால் நின்று அவன் பேசும் வசனம் மட்டும் பக்தர்களை நேராகவே சீண்டும்.