யார்டு பிரேக்கரும் ஜிஐஎஸ் பிரேக்கரும்: கேளுங்கள், சொல்கிறேன்

110, 230 கேவி சப்ஸ்டேஷன்களில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். பிரேக்கர், அதாவது ஃபால்ட் (மின்கோளாறு) வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச், பற்றி எதுவும் கேட்கலாம். யார்டு என்றால் கருவிகள் திறந்தவெளியில் நிற்கும் ஏஐஎஸ்; ஜிஐஎஸ் என்றால் எல்லாம் கேஸ் அடைத்த கூட்டுக்குள்.

டிப்ளமோ மாணவர்: ஏஐஎஸ் என்றால் காற்று பிரேக்கர், ஜிஐஎஸ் என்றால் எஸ்எஃப்6 பிரேக்கர். சரியா சார்?

இல்லை தம்பி. இன்று யார்டில் நிற்கும் 110 கேவி பிரேக்கருக்குள்ளும் பெரும்பாலும் எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு) கேஸ்தான். ஏஐஎஸ் என்ற பெயரில் வரும் காற்று, பஸ்ஸுக்கும் (எல்லா லைனும் வந்து சேரும் பொதுக் கம்பி) தரைக்கும் நடுவே, ஒரு ஃபேஸுக்கும் அடுத்த ஃபேஸுக்கும் நடுவே நிற்கும் காற்று. ஜிஐஎஸ்ஸில் அந்த வேலையையும் கேஸ் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆர்க்கை (கான்டாக்ட் பிரியும்போது எழும் மின்பொறி) அணைக்கும் விதம் இரண்டிலும் ஒன்றே. கான்டாக்ட் பிரியும்போது அழுத்தப்பட்ட கேஸ் நாசில் வழியாகப் பாயும். கரண்ட் பூஜ்யத்தைத் தொடும்போது ஆர்க் அணையும். 50 ஹெர்ட்ஸில் அந்தப் பூஜ்யம் நொடிக்கு 100 முறை வரும்.

வித்தியாசம் வெளியே இருக்கிறது. நம் யார்டுகளில் பரவலாக நிற்பது லைவ் டேங்க் வகை. ஆர்க் அணைக்கும் அறையே லைன் வோல்டேஜில், போர்சலின் தூணின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். ஜிஐஎஸ்ஸில் அதே அறை எர்த் செய்த அலுமினியக் கூட்டுக்குள்.

இதனால் சிடி (கரண்டை அளந்து ரிலேவுக்குச் சொல்லும் டிரான்ஸ்ஃபார்மர்) வைக்கும் இடம் மாறுகிறது. யார்டில் சிடி தனித் தூணாக, பிரேக்கருக்கு ஒரு பக்கம் மட்டும் நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஃபால்ட் வந்தால் பஸ்ஸைக் காக்கும் பஸ்பார் ரிலே பிரேக்கரைத் திறந்துவிடும். ஆனால் லைனின் எதிர் முனையிலிருந்து கரண்ட் வந்துகொண்டே இருக்கும். பிளைண்ட் ஸோன் என்பது இதுதான். ஜிஐஎஸ்ஸில் வளைய சிடியைப் பிரேக்கரின் இரு பக்கமும் மாட்டலாம் என்பதால் இந்தத் தலைவலியைத் தீர்க்க வழி இருக்கிறது. வகுப்பில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

எது விலை அதிகம்?

ஜிஐஎஸ். ஆனால் யார்டுக்கு வேண்டிய இடத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட அதற்குத் தேவைப்படாது. சென்னைக்குள் நிலத்தின் விலையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் பிரேக்கர்) அடிக்கடி விழுகிறது அண்ணா, வீட்டில்...

லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

கடலோரத்துக்கு எது?

இடமும் பணமும் இருந்தால் ஜிஐஎஸ். உப்பு படிந்த இன்சுலேட்டர் பனி விழும் அதிகாலையில் நனைந்தால் ஃப்ளாஷ்ஓவர் (இன்சுலேஷனை மீறிக் கரண்ட் பாய்வது) நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜிஐஎஸ் கட்டடத்தின் கேபிள் செல்லாருக்குள் (கேபிள் போகும் நிலவறை) ஆக்சிஜன் மீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். எஸ்எஃப்6 காற்றைவிட ஐந்து மடங்கு கனம். கசிந்தால் கீழே போய்த் தேங்கும்; வாசனையும் கிடையாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஆர்க்கில் சிதைந்த கேஸ், அதுவும் விஷம். உடனே வெளியே வாருங்கள்.

கான்ட்ராக்ட் பொறியாளர்: ஜிஐஎஸ்ஸைப் பல வருடம் தொடவே வேண்டாமே சார். பிறகு ஏன் யார்டைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். யார்டில் ஒரு போல் (ஒரு ஃபேஸின் பிரேக்கர் தூண்) போய்விட்டால் கிரேனைக் கொண்டுவந்து, ஸ்பேர் போலை ஏற்றி, கேஸ் நிரப்பி, டைமிங் டெஸ்ட் பார்த்து ஒன்றிரண்டு நாளில் சார்ஜ் பண்ணியிருக்கிறோம். நான் பார்த்த ஒரு ஜிஐஎஸ்ஸில் உள்ளே ஃப்ளாஷ்ஓவர். கேஸை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒட்டிய அறையிலும் அழுத்தத்தை இறக்க வேண்டும், அதனால் பக்கத்து லைனின் பகுதியும் (பே) நின்றது. பொடியைத் துடைத்து, பாகம் வரக் காத்திருந்து, வாக்குவம் இழுத்து, ஈரம் அளந்து, மறுபடி ஹைவோல்டேஜ் டெஸ்ட். ஏழு வாரம்.

அவரே: ஆனால் ஃபால்ட் வருவதே குறைவு.

குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். காக்கை, பாம்பு, பட்டம், எதுவும் உள்ளே போகாது. ஆனால் மாட்டும் நாளில் உள்ளே விழும் சில மில்லிமீட்டர் அலுமினியத் துணுக்கு போதும், ஃப்ளாஷ்ஓவர் வர.

அவரே: அதற்குத்தான் பார்ஷியல் டிஸ்சார்ஜ் (இன்சுலேஷனில் வரும் சிறு மின்பொறி) சென்சார் இருக்கிறதே!

இருக்கிறது. அந்தத் திரையைக் கடைசியாக யார் பார்த்தார் என்று உங்கள் ஷிஃப்ட் ஆளைக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.

ஐரோப்பாவில் எஸ்எஃப்6-ஐத் தடை செய்துவிட்டார்களாமே?

புதிதாக வைப்பதற்குப் படிப்படியாகத் தடை. 24 கேவி வரை 2026 ஜனவரி முதல், 52க்கு மேல் 145 வரை 2028 முதல், சில விலக்குகளோடு. நூறு வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 20,000 மடங்குக்கு மேல் சூடேற்றும் கேஸ் இது. 145 கேவிக்கு வாக்குவம் பிரேக்கரும் வந்துவிட்டது.

அப்போ ஏஐஎஸ்ஸில் இருப்பது ஏர் பிரேக்கர்தானே?

முதல் பதில்.

ஏர் பிரேக்கருக்கும் எஸ்எஃப்6க்கும் வித்தியாசம்...

முதல் பதில்! செல்லாருக்கு மீட்டர் வாங்கினீர்களா?

புதிதாக ஜிஐஎஸ்ஸுக்கு மாற்றலாகியிருக்கிறேன். முக்கியமாக என்ன பார்க்க வேண்டும்?

நல்ல கேள்வி. யார்டில் பிரேக்கரைத் திறந்த பிறகு ஐசோலேட்டர் (லைனைப் பிரித்து வைக்கும் சுவிட்ச்) பிரிந்து நிற்பதை நிமிர்ந்து பார்த்தாலே தெரியும். ஜிஐஎஸ்ஸில் ஐசோலேட்டரின் நிலையைக் காட்டும் சுட்டி ஒன்றுதான் வெளியே தெரியும். இணைப்புக் கம்பி உடைந்திருந்தால் சுட்டி 'திறந்தது' என்று காட்டும், உள்ளே கான்டாக்ட் அப்படியே இருக்கும். எனவே டார்ச் எடுத்துப் பார்வைக் கண்ணாடி வழியாக மூன்று ஃபேஸையும் தனித்தனியாகப் பாருங்கள். அப்புறம் எர்த் சுவிட்ச் (தரையோடு இணைப்பது) போடுங்கள், அதையும் கண்ணாடியில் பாருங்கள். வேலை பெர்மிட்டில் கையெழுத்து அதற்குப் பிறகு.