டாக்டருக்குக் கிடைக்கும் மதிப்பு நர்ஸுக்கும் லேப் டெக்னீஷியனுக்கும் ஏன் கிடைப்பதில்லை?

முதல் காரணம் கையெழுத்து. இன்ன நோய் என்று முடிவு செய்து மருந்து எழுதும் அதிகாரம் பெரும்பாலும் டாக்டரிடம்தான் இருக்கிறது. தப்பானால் முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. அதற்குரிய மதிப்பு நியாயமானது. ஆனால் குணமாகி வீட்டுக்குப் போகிறவர் மனதில் அந்தக் கையெழுத்து மட்டும்தான் நிற்கிறது. மற்றவர்கள் வேலையைச் சரியாகச் செய்தால், வெளியே தெரிய எதுவும் நடப்பதில்லை.

ரத்தப் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய ஊசியில் ரத்தத்தை வேகமாக இழுத்தாலோ, டியூபைப் போட்டுக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடையும். உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். 4 என்று வரவேண்டிய அளவு 6 என்று வரலாம். அதை நம்பிச் சிகிச்சை கொடுத்தால், சரியாக இருந்த பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறலாம். சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழலும் இயந்திரத்தில் சுற்றிய பிறகு வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் (ரத்தத்தில் பிரிந்து நிற்கும் நீர்ப்பகுதி) இளஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்து, "இந்த சாம்பிள் வேண்டாம், மறுபடி எடுங்க" என்று சொல்பவர் லேப் டெக்னீஷியன். நோயாளிக்கு அவர் முகம்கூடத் தெரியாது. இன்னொரு முறை குத்திவிட்டார்களே என்ற எரிச்சல்தான் மிஞ்சும்.

இந்த ஏற்றத்தாழ்வு மனவருத்தத்தோடு நிற்பதில்லை என்பதுதான் என் கவலை. 1966-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சார்லஸ் ஹாஃப்லிங் ஓர் ஆய்வை வெளியிட்டார். முன்பின் தெரியாத ஒரு 'டாக்டர்' வார்டுக்குப் போன் செய்து, ஒரு நோயாளிக்கு 20 மில்லிகிராம் மருந்து கொடுக்கச் சொல்வார். அதிகபட்சம் 10 மில்லிகிராம் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். 22 நர்ஸ்களில் 21 பேர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். மருந்து போலி, வழியிலேயே தடுத்தும் விட்டார்கள். இதே சூழலைச் சொல்லி 'என்ன செய்வீர்கள்?' என்று வேறு நர்ஸ்களிடம் கேட்டபோது, பெரும்பாலானோர் கொடுக்க மாட்டோம் என்றார்கள். அறிவு இருந்தது, எதிர்த்துக் கேட்கும் இடம்தான் இல்லை.

அந்த இடத்தை விதியாகவே எழுதிக் கொடுத்தால் நிலைமை மாறும். ஐசியூவில் பெரிய ரத்தக்குழாயில் குழாய் செருகும்போது தொற்று வராமலிருக்க, அமெரிக்க மருத்துவர் பீட்டர் புரோனோவோஸ்ட் 5 படிகள் கொண்ட பட்டியல் ஒன்றைப் போட்டார்: கை கழுவுதல், குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியைத் தோலில் தடவுதல், நோயாளியை முழுக்கப் போர்த்துதல், தொடை வழியைத் தவிர்த்தல், தேவையில்லாத குழாயை எடுத்துவிடுதல். டாக்டர் ஒரு படியைத் தாண்டினால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நர்ஸுக்கு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 100-க்கும் மேற்பட்ட ஐசியூக்கள் இதைப் பின்பற்றின. 18 மாதங்களில் அந்தத் தொற்று 66 சதவீதம் வரை குறைந்தது.

விதி இல்லாத இடத்தில், சொல்லும் முறை உதவும். "டாக்டர், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்றால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். "பிபி 110/70-லிருந்து 80/50-க்கு இறங்கிவிட்டது. ஆபரேஷன் முடிந்து 6 மணி நேரம். உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று நினைக்கிறேன். இப்போதே வந்து பாருங்கள்" என்று நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என நான்கையும் வரிசையாகச் சொன்னால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் தியேட்டரில் உள்ள எல்லோரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று இருப்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. ஆரம்பத்தில் ஒருமுறை வாய் திறந்த ஜூனியர் நர்ஸுக்கு, தையல் போடும் நேரத்தில் "கணக்கில் ஒரு பஞ்சு குறைகிறது, நிறுத்துங்கள்" என்று சொல்லக் குரல் எழும்.